கீல்வாதமும் மந்திரக் கயிறும்

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் செய்யப்பட்ட பிரசங்கம்)



வழக்கமாகப் பேசுகிற விஷயங்களை இன்று ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏதாவது ஒரு வியாதியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பகுத்தறிவின்படி பேச வேண்டும் என்று இந்தப் படிப்பகத் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் வைத்தியரல்ல. எந்தக் கலாசாலையிலும் வைத்திய சாஸ்திரம் படித்தவருமல்ல. புத்தகங்களைப் படித்தும், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கு சொல்லப்போகிறோம். ஆதலால் நாம் சொல்லும் மருந்துப் பேரை எழுதிக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போய்விட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுகிறோம். நாம் இங்கு சொல்ல வந்தது மருந்தை அல்ல. ஒரு வலி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போனதற்கு யார் யார் கூலி வாங்கிக்கொள்ளுகிறார்கள் என்பதைத்தான்.

கால் கட்டைவிரலின் அடி மூட்டில் வருகிற ஒரு நோவு உண்டு. மனிதன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். நடுநிசியில் யாரோ விரலைக் கிடுக்கியால் பிடித்துத் திருகுவது போல் இருக்கிறது என்று அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான். விடிவதற்குள் விரல் சிவந்து, பளபளவென்று வீங்கி, நெருப்புப் போல் சுடுகிறது. மேலே போர்த்திய வேட்டி பட்டாலும் பொறுக்கவில்லை; பக்கத்தில் ஒருவர் அழுத்தி நடந்தால் அந்த அதிர்ச்சியும் பொறுக்கவில்லை. 1683-இல் இங்கிலாந்தில் சிடன்ஹாம் என்கிற வைத்தியர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றைக்கும் பேர் பெற்றது. அவர் எழுதியது பிறத்தியார் கஷ்டத்தைப் பார்த்து மட்டுமல்ல. அவருக்கே அந்த வியாதி இருந்தது.

இங்கிலீஷில் இதற்குக் கவுட் என்று பேர். நம்மவர்கள் கீல்வாதம், கீல்வாயு என்பார்கள். ஆனால் நம்மவர்களுக்கு மூட்டில் எந்த வலி வந்தாலும் எல்லாவற்றையும் வாயு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கம். வயதான பாட்டிக்கு முழங்கால் தேய்ந்து வருகிற வலி வேறு. இரண்டு கைவிரல்களும் ஒன்றுபோல் வீங்கிக் காலையில் மடக்க முடியாமல் நிற்கிற முடக்குவாதம் வேறு. நாம் இன்று பேசுவது கவுட்டைப் பற்றி மாத்திரம்.

இந்த நோவில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதைக் கவனித்துக் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் இந்த வலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்குள் அந்த மனிதன் என்னென்ன செய்திருப்பான்? முதல் நாள் எண்ணெய் தடவுவான். மூன்றாம் நாள் பற்றுப் போடுவான். அய்ந்தாம் நாள் மாமியார் வீட்டார் சொன்னபடி ஒருவரிடம் போய்க் கயிறு மந்திரித்துக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுவான். ஏழாம் நாள் வீக்கம் வடிகிறது. யாருக்குக் கீர்த்தி? கயிறு கட்டினவனுக்கு! எண்ணெய்க்காரன் தோற்றான், பற்றுக்காரன் தோற்றான், கயிற்றுக்காரன் ஜெயித்தான் என்று ஊர் பேசும். அதே ஆள் முதல் நாளே கயிறு கட்டியிருந்து ஏழாம் நாள் எண்ணெய் தடவியிருந்தால் எண்ணெய்க்காரன் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும்.

இதில் கயிற்றுக்காரரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஊசி போட்ட சில டாக்டர்களும் இப்படியே பேர் வாங்கியிருக்கிறார்கள். தானாக நிற்கிற மழையை நாம் நிறுத்தினோம் என்று சொல்லுகிறவன் எந்தச் சட்டை போட்டிருந்தால் என்ன?

ஆகவே இந்த வலி தானே ஏன் வருகிறது, தானே ஏன் அடங்குகிறது என்பது தெரியாத வரையில் ஏமாற்றுகிறவனுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். அது தெரிந்த கதை ஒரு நாளில் நடந்ததல்ல.

முற்காலத்தில் அய்ரோப்பியரும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். நம்மவர்கள் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று மூன்று சொன்னால் கிரேக்கர்கள் நான்கு திரவங்களைச் சொன்னார்கள். அதில் ஏதோ கெட்ட திரவம் மூட்டில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது என்று நம்பினார்கள். கவுட் என்ற சொல்லே லத்தீனில் சொட்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். பிறகு இது ராஜாக்களின் வியாதி என்று பெயராயிற்று. பெரிய மனிதர்கள் இதை ஒரு பட்டம் போலவே நினைத்தார்கள். கவுட் வந்தவனுக்கு வேறு பெரிய வியாதி வராது என்றுகூடச் சில சீமான்கள் நம்பினார்கள். வலியிலும் அந்தஸ்து பார்க்கிற புத்தியை என்னவென்று சொல்லுவது!

அய்ந்தாம் சார்லஸ் என்ற சக்கரவர்த்தி ஸ்பெயினையும், ஜெர்மானிய நாடுகளையும், அமெரிக்காவில் பெரும் பகுதியையும் ஆண்டவர். கவுட் அவரைப் படாத பாடு படுத்திற்று. 1556-இல் முடியைத் துறந்து ஸ்பெயினில் ஒரு மடத்தின் பக்கத்தில் போய் ஒதுங்கி, 1558-இல் செத்துப் போனார். அவர் உடலிலிருந்து தனியாகப் பிரிந்து ஒரு சின்னப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்த விரல் நுனி எலும்பை வாங்கிப் பரிசோதித்து, அதில் கவுட்டின் படிகங்கள் நிறைந்து எலும்பே அரித்துப் போயிருப்பதை 2006-இல் பார்சிலோனா வைத்தியர்கள் வெளியிட்டார்கள். அவருக்குச் செய்யாத பிரார்த்தனையா? அவருக்காகப் பூஜை செய்யப் பாதிரிமார்களுக்குப் பஞ்சமா? கல் மட்டும் விரலைவிட்டுப் போகவில்லை.

அது என்ன கல் என்று முதலில் கண்ணால் பார்த்தவர் வைத்தியரல்ல; ஹாலந்து தேசத்து ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் என்பவர். துணியின் இழையைப் பார்க்கிற கண்ணாடியில் பழகி, தாமே பூதக்கண்ணாடி செய்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதன் கீழ் வைத்துப் பார்த்தவர். 1679-இல் ஒரு நோயாளியின் மூட்டுக் கட்டியிலிருந்து வந்த சுண்ணாம்பு போன்ற வஸ்துவை வைத்துப் பார்த்தபோது அது சுண்ணாம்புத் தூள் அல்ல, இருபுறமும் கூரான நுண்ணிய ஊசிகள் என்று கண்டார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத நம்மைப் போன்றவர்கள் அந்த ஜவுளிக்கடைக்காரரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு லண்டனில் காரட் என்கிற டாக்டர் 1848-இல், கவுட் உள்ளவர்களின் இரத்தத்திலேயே யூரிக் அமிலம் என்ற வஸ்து அதிகமாக இருக்கிறது என்று ருஜுப்படுத்தினார். அவர் செய்த பரீட்சை ஒன்று வேடிக்கையானது. நோயாளியின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை ஒரு தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, கொஞ்சம் காடி அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலைப் போட்டு வைத்துவிடுவார். பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் கற்கண்டு அதைப் பிடித்துக்கொள்ளுகிறதல்லவா? அதுபோல, யூரிக் அமிலம் அதிகமிருந்தால் நூலில் படிகம் கட்டும்; இல்லாவிட்டால் கட்டாது. கவுட்டுக்குக் கயிறு உபயோகித்தவர்களில் நாம் மதிக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான். ஏனென்றால் இவருடைய கயிறு சில பேரிடத்தில் "இல்லை" என்றும் சொல்லிற்று. மந்திரக் கயிறு ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் உடம்பின் அணுக்கள் ஒவ்வொரு நாளும் செத்துப் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றின் உட்கருவில் உள்ள சரக்கு சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடம்பே செய்வது. ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருவது. பெரும்பாலான மிருகங்களின் உடம்பில் இதை மேலும் கரைத்துத் தள்ளும் ஒரு நொதி உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது வேலை செய்வதில்லை. பல லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன் நம் மூதாதைகளிடத்தில் அந்த நொதியைச் செய்கிற மரபுக் குறிப்பு கெட்டுப்போய்விட்டது. கெட்டுப்போன அந்தத் துண்டு இன்னும் நம் ஒவ்வொருவர் அணுவிலும் உடைந்த கலப்பையை மூலையில் போட்டு வைத்தது போல் கிடக்கிறது. மனித சரீரம் குறையில்லாமல் படைக்கப்பட்டது என்று சொல்லுகிறவர்கள், நாய்க்குக் கொடுத்த சௌகரியத்தை மனிதனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்லட்டும்.

100 மில்லி லிட்டர் இரத்தத் தெளிவில் சுமார் 6.8 மில்லி கிராம் வரையில்தான் யூரிக் அமிலம் கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால் படிகமாகலாம். குளிர்ச்சியான இடத்தில் இன்னும் சீக்கிரம் ஆகும். நெய் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உடம்பில் இருதயத்துக்குத் தூரமாய், குளிர்ந்து கிடப்பது கால்விரல். கவுட் அங்கே முதலில் வருவதற்கு அது ஒரு காரணம்.

தோழர்களே! இதுவரையில் சொன்னது பாதிதான். "ஊசி போன்ற படிகம் மூட்டில் குத்துகிறது, அதனால் வலிக்கிறது" என்று நினைத்துக்கொண்டு பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது சரியல்ல. குத்துவதுதான் வலி என்றால், படிகம் இருக்கும் வரையில் வலிக்க வேண்டும். ஆனால் வீக்கம் முழுவதும் வடிந்து, மனிதன் சுகமாக நடக்கிறபோது அவன் மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் அப்போதும் படிகம் இருக்கிறது! யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் கவுட் வருவதேயில்லை. ஆகையால் ஊசி ஒன்று, நெருப்பு மற்றொன்று.

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கேளுங்கள். 1899-இலேயே பிராய்டுவைலர் என்பவர் யூரேட் படிகத்தைச் செலுத்தினால் அழற்சி உண்டாகிறது என்று பரீட்சை செய்து எழுதினார். (அழற்சி என்பதைப் பழைய வைத்திய புத்தகங்களில் தாபிதம் என்று எழுதியிருக்கும், சிவப்பு, வீக்கம், சூடு, வலி நான்கும் சேர்ந்தது.) உலகம் அதை அறுபது வருஷம் மறந்துவிட்டது. 1961-இல் அமெரிக்காவில் மக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரு டாக்டர்கள் ஒரு விசேஷ வெளிச்சத்தில் மூட்டு நீரைப் பார்த்து, கவுட்டின் படிகத்தை நிச்சயமாக அடையாளம் காட்டினார்கள். அதன்பின் மக்கார்ட்டியும் ஃபேர்ஸ் என்ற அவருடைய கூட்டாளியும் செய்ததுதான் நமக்கு மிகவும் பிடித்த காரியம். யூரேட் படிகத்தைச் சுத்தமாகத் தயாரித்துத் தங்கள் சொந்த முழங்காலிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் இருவரும் வலி தாங்காமல் படுத்துவிட்டார்கள். 1962-இல் அதை அச்சிட்டார்கள். தன் மருந்தைத் தன் மேல் பரீட்சை பார்த்துக்கொள்ளாத மந்திரவாதிகளையே பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமைதான்.

ஆனால் படிகம் தானாகவே எரிக்கிறதா, வேறு யாராவது எரிக்கிறார்களா? 1966-இல் மக்கார்ட்டியும் பெல்ப்ஸ் என்பவரும் நாய்களிடத்தில் ஒரு மருந்தைக் கொடுத்து, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்துவிட்டுப் பிறகு மூட்டில் படிகத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். படிகம் அதே படிகந்தான். மூட்டும் அதே மூட்டுதான். அழற்சி மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது. வெள்ளை அணுக்கள் வந்தால்தான் தீ. அதாவது, அந்த நடுநிசியில் விரலைக் கிடுக்கி போட்டுத் திருகுவது சனியனுமல்ல, படிகமுமல்ல. நம்மைக் காப்பதற்காக நம் உடம்பிலேயே இருக்கிற காவல் படை!

இந்தக் காவல் படை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிராமத்து மாதிரியில் சொல்லுகிறோம். மூட்டின் உள் உறையில் சில பெரிய வெள்ளை அணுக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. இவை ஊர்க் காவல்காரர்கள். கிருமியோ, செத்த அணுவோ, குப்பையோ எது கண்டாலும் விழுங்கி ஜீரணித்துவிடுவது இவற்றின் உத்தியோகம். இவை யூரேட் படிகத்தையும் விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. விழுங்கிய படிகம் உள்ளே இருக்கிற ஜீரணப் பையைக் கிழித்துவிடுகிறது. அணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் உப்பு வெளியே ஓடுகிறது. உடனே உள்ளே பல புரதங்கள் ஒன்றோடொன்று கூடி ஒரு யந்திரமாகப் பூட்டிக்கொள்ளுகின்றன. இந்த யந்திரத்தை 2002-இல் கண்டுபிடித்து அதற்கு இன்ஃப்ளமசோம் என்று பேர் வைத்தவர்கள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் யூர்க் சோப் என்பவரும் அவர் கூட்டாளிகளும். கவுட்டின் படிகம் இந்த யந்திரத்தைத்தான் கிளப்புகிறது என்று 2006-இல் காட்டியவர்களும் அவர்களே. 2011-இல் சோப் மலையேறும்போது இறந்துபோனார்.

யந்திரம் செய்யும் முக்கியமான வேலை இதுதான். இன்டர்லூக்கின்-1 என்று ஒரு வஸ்து அணுவுக்குள் உறை மாட்டின நிலையில் இருக்கிறது. யந்திரம் அந்த உறையை அறுத்துவிடுகிறது. அறுபட்டதும் அது வெளியே போய்த் தமுக்கு அடிக்கிறது. தமுக்குச் சத்தம் கேட்ட இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதுதான் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். நரம்புகள் கூர்மையடைந்து, வேட்டி பட்டாலும் கத்துகின்றன, அதுதான் வலி. அந்த வழியாக இரத்தத்திலிருந்து ஆயிரம் ஆயிரமாகச் சின்ன வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் புகுந்து, அவையும் படிகத்தை விழுங்கி, அவையும் கிழிந்து, தம்மிடமிருந்த காரமான சரக்கையெல்லாம் கொட்டுகின்றன. ஒரு காவல்காரன் கூப்பிட்டான், ஊரே தடியோடு வந்துவிட்டது. திருடன் இல்லை, ஆனால் வீட்டுக் கூரை போயிற்று.

படிகம் எப்போதும் இருக்க, ஏன் ஒரு நாள் மட்டும் இந்தக் கலகம்? கோவில் திருவிழாவில் அதிர்வேட்டு விடுகிறவனைக் கேட்டால் சொல்லுவான்: மருந்து கெட்டிப்பது ஒரு வேலை, திரியில் நெருப்பு வைப்பது வேறு வேலை. அந்த உறை மாட்டின இன்டர்லூக்கினை முதலில் தயாரித்து வைப்பதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். யந்திரம் கிளம்புவதற்கு மற்றொரு தூண்டுதல் வேண்டும். இரண்டும் கூடின நாளில்தான் வேட்டு வெடிக்கிறது. ஒரு பெரிய விருந்து, அதிலும் பீர், உடம்பில் நீர் வற்றுவது, ஒரு காய்ச்சல், ஒரு ரண சிகிச்சை, காலில் பட்ட ஓர் அடி, பட்டினி, இவையெல்லாம் அந்த நாளைக் கொண்டுவரக்கூடியவை. யூரிக் அமிலம் திடீரென்று ஏறினாலும் வரும். திடீரென்று இறங்கினாலும் வரும். விருந்துக்கு மறுநாள் வந்தால் தெய்வக் குற்றம் என்றும், விரதத்துக்கு மறுநாள் வந்தால் சோதனை என்றும் சொல்லுகிறவர்களுக்கு இது இரண்டு பக்கமும் சௌகரியமாய்ப் போய்விட்டது.

காவல் படைக்கு இந்தப் பைத்தியம் ஏன் என்று ஒரு தோழர் கேட்கலாம். 2003-இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று இதற்குக் கொஞ்சம் பதில் சொல்லுகிறது. சாகிற அணுக்கள் வெளியே விடுகிற யூரிக் அமிலமே காவல் படைக்கு ஓர் அபாய அறிவிப்பாக இருக்கிறது என்று அதில் கண்டார்கள். காவல்காரனுக்குத் திருடனின் முகம் தெரியாது. உடைந்த பூட்டைப் பார்த்தால் திருடன் வந்தான் என்று எண்ணுகிறான். இதில் புத்தியுமில்லை, தண்டனையுமில்லை, போன ஜன்மத்துக் கணக்குமில்லை.

இனி, தானே அடங்குகிற சங்கதி. ஓடிவந்த சின்ன வெள்ளை அணுக்கள் அற்ப ஆயுசு உள்ளவை. அவை சாகும்போது தங்கள் உட்கருவின் இழைகளை வலை போல் வெளியே வீசுகின்றன. அப்படிப்பட்ட வலைகள் திரண்டு, தமுக்கடிக்கிற வஸ்துக்களையே பிடித்துச் சிதைத்து அழற்சியை அடக்குகின்றன என்று ஜெர்மனியில் எர்லாங்கன் ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். வலை வீச முடியாத எலிகளுக்கு அழற்சி ஓயாமல் நீடித்ததாம். அதோடு பெரிய வெள்ளை அணுக்கள் செத்தவற்றை விழுங்கி, இந்தத் தடவை சமாதானம் சொல்லும் வஸ்துக்களை விடுகின்றன. தீயை மூட்டின படையே தீயை அணைத்துவிட்டுப் போகிறது. இதுதான் அந்த ஏழாம் நாள். கணுக்காலில் கயிறு இருந்தாலும் நடக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும்.

இங்கேதான் தோழர்களே, ஆபத்து! தீ அணைந்தது, படிகம் அங்கேயே இருக்கிறது. வலி போயிற்று, கயிறு கட்டியாயிற்று, இனி என்ன என்று அவன் இருந்துவிடுகிறான். ஆறு மாதத்தில் மறுபடி வருகிறது. பிறகு மூன்று மாதத்தில். பிறகு கணுக்கால், முழங்கால், கைமூட்டு. சில வருஷங்களில் விரல் கணுக்களிலும் காது மடலிலும் சுண்ணாம்புக் கட்டிகள் எழும்புகின்றன, எலும்பு அரிக்கிறது, சிலருக்குச் சிறுநீரகத்திலும் கல். உழைத்துப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? கயிறு கெடுதல் செய்யாது, கட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கயிற்றின் விலை அந்த அய்ம்பது ரூபாய் அல்ல. அது வாங்கிக்கொடுத்த பொய்த் திருப்தியால் போன வருஷங்கள்.

ஆகையால் வைத்தியமும் இரண்டு வேலை. தீயை அணைப்பது ஒன்று. படிகத்தைக் கரைப்பது வேறொன்று. தீயை அணைக்க வீக்கம் குறைக்கும் மாத்திரைகள், ஸ்டிராய்டு, கால்ச்சிசின் ஆகியவை உண்டு. இன்டர்லூக்கின்-1 என்ற அந்தத் தமுக்கையே பிடித்து நிறுத்துகிற மருந்தைப் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பத்துப் பேருக்கும் சீக்கிரமே குணம் தெரிந்தது என்று 2007-இல் லோசான் நகரிலிருந்தே வெளியிட்டார்கள். விலை அதிகம், எல்லாருக்கும் அவசியமுமில்லை. ஆனால் தமுக்கை நிறுத்தினால் கலகம் நிற்கிறது என்பது அதனால் ருஜுவாயிற்று.

கால்ச்சிசினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மூட்டு நோவுக்கு மேல்நாட்டார் வெகு காலமாக உபயோகித்து வந்த ஒரு கிழங்கிலிருந்து 1820-இல் பிரான்சில் பெல்லட்டியே, கவென்டூ என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னாவைப் பிரித்தவர்களும் அவர்கள்தான். வெள்ளை அணுக்கள் நகர்ந்து வருவதையும், அந்த யந்திரம் பூட்டிக்கொள்ளுவதையும் இது தடுக்கிறது. இதே வஸ்து நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று சொல்லுகிறோமே அதுதான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும் வேதாரண்யத்திலும் பயிர் செய்து, அதன் விதையை இந்த மருந்து எடுப்பதற்காகவே வெளிதேசங்களுக்கு அனுப்புகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் வேலியோரத்துக் கிழங்கைப் பிடுங்கி அரைத்துக் குடித்துவிடக் கூடாது! அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். அதைத் தின்று செத்தவர்கள் நம் நாட்டில் அநேகம். மில்லி கிராம் கணக்கில் மருந்து. கொஞ்சம் மிஞ்சினால் எமன். நாட்டு மருந்து என்றால் கெடுதல் செய்யாது என்கிற பேச்சுக்கு இந்தக் கிழங்கு ஒன்றே போதும்.

படிகத்தைக் கரைப்பதற்கு முக்கியமான மருந்து அல்லோபியூரினால். கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாளும் ஹிட்சிங்ஸ் என்பவரும் சேர்ந்து ஆராய்ந்து கண்டது. 1966-இல் அமெரிக்காவில் கவுட்டுக்கு அனுமதியாயிற்று. எலியன் அம்மாள் படித்து முடித்தபோது, பெண் என்ற காரணத்தினால் ஆராய்ச்சி சாலைகளில் வேலை கொடுக்க மறுத்தார்கள். டாக்டர் பட்டத்தையும் அவர் படித்து முடிக்க முடியவில்லை. 1988-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. இங்கு வந்திருக்கும் தாய்மார்கள் தங்கள் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பேரைச் சொல்லிக்கொடுக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லுகிறார்கள். மாமிசம் தின்றவனுக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லுகிற தர்மவான்களும் உண்டு. மாமிசமும், சில மீன் வகைகளும், பீரும், சாராயமும், சர்க்கரைப் பானங்களும் யூரிக் அமிலத்தை ஏற்றுவது உண்மை, குறைத்துக்கொள்ளுவது நல்லதுதான். ஆனால் ஒரு துண்டு மாமிசமும் தொடாதவர்களுக்கும் கவுட் வருகிறது. பெரும்பாலோரிடம் உள்ள குறை, சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியே தள்ளாதது. அது தாய் தகப்பன் வழியாக வருவது. அன்றியும், காரட்டின் காலத்திலேயே அவரிடம் வந்த கவுட் நோயாளிகளில் பலர் வர்ணம் பூசுகிறவர்களும் குழாய் வேலை செய்கிறவர்களும் என்று அவர் கவனித்தார். அவர்கள் என்ன ராஜ போகமா அனுபவித்தார்கள்? வேலையில் உடம்பில் ஏறின ஈயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. ராஜாக்களின் வியாதி என்று புத்தகத்தில் எழுதியிருந்தபோதே கூலிக்காரன் அதே வலியில் பேரில்லாமல் கிடந்தான்.

இரண்டு தோழர்கள் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.

முதல் சீட்டு: "பெண்களுக்கு இது வராதா?" மாதவிடாய் உள்ள வயதில் மிகவும் அபூர்வம். இதைக் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்காரராகிய ஹிப்போகிரேட்டஸ் பேரிலுள்ள புத்தகத்திலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்குச் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற வஸ்து யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுவதற்கு உதவுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பாதுகாப்புக் குறைகிறது, அப்போது வரலாம். "பெண் பிள்ளைக்கு எங்கே கவுட்" என்று பாட்டிமார் வலியைத் தள்ளிவிட வேண்டாம்.

இரண்டாவது சீட்டு: "என் தகப்பனாருக்கு அல்லோபியூரினால் கொடுத்தார்கள். ஆரம்பித்த மாதத்திலேயே மறுபடி வீங்கிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்று நிறுத்திவிட்டோம். இப்போது இரண்டு மாதமாக வலியில்லை. அப்படியே இருக்கலாமா?" இருக்கக் கூடாது. பழைய படிகங்கள் கரைய ஆரம்பிக்கும்போது காவல் படை கலைந்து முதல் சில மாதங்களில் இப்படி வருவது சகஜம். அதற்காகத்தான் ஆரம்பத்தில் மருந்தைக் கொஞ்சமாய்க் கொடுத்து ஏற்றிக்கொண்டு போவதும், கூடவே சிறிய அளவில் கால்ச்சிசின் கொடுப்பதும். வீக்கம் வந்ததற்காக நிறுத்துவது தவறு. ஆனால் உடம்பில் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல் வந்திருந்தால் சங்கதி வேறு. அப்போது அந்த நிமிஷமே மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அவர் சொல்லாமல் மறுபடி அதைத் தொடக் கூடாது. இரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும் வரையில் படிகம் கரைந்து தீராது. அதற்குப் பல மாதமாகும், சிலருக்கு வருஷங்களும் ஆகும். தகப்பனாரை இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு வீட்டில் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.